பொய்யீத் தூண்டில்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வானொலியில் பேச வருகிறார் என்றால், அவர் ஒழுக்கத்தைப் பற்றியோ காலந் தவறாமையைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் நான் இன்று பேசப்போவது மீன் பிடிப்பதைப் பற்றி. அதிலும் வலையின்றி, புழுவின்றி, இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சி ஒன்றைக் கொண்டு மீன் பிடிக்கும் கலையைப் பற்றி. ஆங்கிலத்தில் ‘ஃபிளை ஃபிஷிங்’ என வழங்கும் இதனை நாம் ‘பொய்யீத் தூண்டில்’ என்று சொல்லிக்கொள்வோம். இக்கலையில் நான் வல்லவன் அல்லேன். அறுபது வயதுக்கு மேல் இதனைக் கற்கத் தொடங்கிய ஒரு மாணவன். அதனால் வல்லுநர்கள் மறந்துபோன தொடக்கக் காலத் தொல்லைகள் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கின்றன. அந்தத் துணிவோடுதான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் இடம் இருக்கிறது. 1967-ஆம் ஆண்டில் அங்கே அமைக்கப்பட்ட சிறு உயிரியற் பூங்காவை உங்களுள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் கண்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் அங்கே அருவி விழும். ஓடை பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடும். கோடையில் அதே ஓடை ஆங்காங்கே குட்டையாய்த் தேங்கி நிற்கும். என் மீன்பிடிப் பாடம் அந்த ஓடைக் கரையில்தான் தொடங்கியது. ஆயினும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு வகுப்பறையில், அப்பாடத்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தவறினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பொழுது நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மீனின் உணவு எது என்ற வினாவுக்கு, பாசி, நீர்ச்செடி, புழு என்று விடை எழுதச் சொன்னேன். மலையூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, எங்க ஓடையில மீன் ஈயைப் பிடிக்குங்க. பொழுது சாயற நேரத்துல எகிறி எகிறிப் பிடிக்கும்” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் புன்னகை செய்தேன் என்று எண்ணுகிறேன். “புத்தகத்தில் இருப்பதைச் சொல், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் மீண்டும் எழுந்து எதையும் சொல்லவில்லை. அதை நான் அப்பொழுது அடக்கம் என்று கருதிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பின், ஓர் ஐப்பசி மாத மாலையில், அமிர்தி ஓடைக் கரையில் ஒரு பாறைமேல் தனியே அமர்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. தேங்கிய நீரின்மேல் சிறு சிறு வட்டங்கள் தோன்றி விரிந்தன. தூறல் விழுகிறதோ என்று கையை நீட்டிப் பார்த்தேன்; தூறல் இல்லை. உற்று நோக்கினேன். சாம்பல் நிறப் பூச்சிகள் நீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தன, ஒன்று நீரில் இறங்கியதும் கீழிருந்து ஒரு வாய் மேலெழுந்தது, பூச்சியைக் காணோம், வட்டம் மட்டும் இருந்தது. ஒருமுறை விரல் நீளமுள்ள கெண்டை ஒன்று முழுவதுமாகவே நீரைவிட்டு எகிறிற்று. உடனே அந்தச் சிறுவனின் குரல் காதில் ஒலித்தது. அருகில் யாரும் இல்லை. ஆயினும் எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் நூல்களைத் தேடிப் படித்தேன். அச்சிறுவன் ஒரே வாக்கியத்தில் சொன்ன உண்மையின் மீதே இந்தக் கலை முழுவதும் நிற்கிறது என்பதை அறிந்தேன். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு, ஈலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர் மக்கெதோனிய நாட்டு ஆறு ஒன்றைப் பற்றி எழுதுகிறார். அங்குள்ள மீன்கள் நீர்மேல் பறக்கும் ஒருவகை ஈயைத் தின்னும். அந்த ஈயை மனிதன் கை தொட்டால் அதன் நிறமும் உருவும் கெட்டுவிடும். ஆதலால் மீனவர்கள் தூண்டில் முள்ளின்மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகைக் கட்டி, அந்த ஈயைப் போல ஒரு பொய் ஈ செய்தார்கள் என்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் அச்சான ஒரு தூண்டில் நூல் பன்னிரண்டு வகைப் பொய்யீக்களைச் செய்யும் முறையைக் கூறுகிறது. ஐசக் வால்ட்டன் 1653-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலுக்கு, 1676-இல் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் பொய்யீப் பகுதியை எழுதிச் சேர்த்தார்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது பற்றி 1873-இல் ஒரு நூலையும், ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887-இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் மேனாட்டு மீனை வளர்க்க, மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இலேயே முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் அதில் வெற்றி கண்டார். உதகைக்கு அப்பால் அவலாஞ்சியில் 1907-இல் அமைந்த மீன் பொரிப்பகம் அவ்வெற்றியின் விளைவு.

‘அப்படியானால் நீலகிரிக்கோ காஷ்மீருக்கோ சென்றால்தான் இதனைக் கற்கலாமோ?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. டிரவுட் குளிர்நீர் மீன். நீர் வெப்பமாக ஆக, அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். அக்குறைவை அந்த மீன் தாங்காது. ஆகவே நம் அடிவார ஓடைகளில் அது வாழ இயலாது. ஆனால் பூச்சியைத் தின்னும் மீன்கள் நம் ஊரிலும் உள்ளன. சிறு கெண்டை வகைகள் தின்னும். ஜிலேபிக் கெண்டை தின்னும். விரால் தவளைக் குஞ்சையே பாய்ந்து பிடிக்கும். ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீன் அன்று. 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் ஊர்தோறும் குளங்களில் பரவி, நாட்டு மீன்களுக்குப் போட்டியாய் வளர்ந்துவிட்டது. தொடக்க மாணவனுக்கு அதைவிடப் பொருத்தமான மீன் வேறில்லை.

இனி, சாதாரணத் தூண்டிலுக்கும் பொய்யீத் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். நம் சிறுவர்கள் தூண்டிலில் தக்கையும் ஈயக் குண்டும் கட்டுகிறார்கள். குண்டின் எடை முன்னே செல்கிறது. இழை அதன் பின்னே இழுபட்டுச் செல்கிறது. பொய்யீக்கோ எடையே இல்லை. ஓர் இறகை எடுத்து உங்கள் முழு வலிமையோடு எறிந்து பாருங்கள். அது காலடியில் விழும். ஆகவே இங்கே எடையைக் கயிற்றில் வைக்கிறார்கள். கயிறு தடிப்பாகவும் கனமாகவும் இருக்கும். கோலின் வளைவும் நிமிர்வும் கயிற்றுக்கு வேகம் கொடுக்கின்றன. கயிறு காற்றில் ஒரு வளையமாய் உருண்டு சென்று முடிவில் நீள்கிறது. அதன் நுனியில் உள்ள பொய்யீ இலவம் பஞ்சுபோல் நீர்மேல் இறங்குகிறது. எறிவது கயிற்றை; செல்வது ஈ. இந்த ஒரு கருத்து விளங்கிவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது.

முதற் பாடம் கண்ணுக்கு உரியது. கோலைக் கையில் எடுக்க வேண்டா. ஓடும் நீரில் ஆழமற்ற இடத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டிப் பாருங்கள். அதன் அடிப்புறத்தில் தட்டையான சிறு உயிர்கள் ஓடும். பல வகைகளுக்கு வாலில் மூன்று இழைகள் இருக்கும். மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் அது. நீருக்கடியில் பல வாரங்கள், சில வகைகள் ஓராண்டு வரையிலும், வாழ்ந்துவிட்டு, ஒரு நாள் மேலெழுந்து சிறகு பெற்றுப் பறக்கிறது. சிறகு பெற்றபின் அதற்கு உண்ணும் வாய் இல்லை; சில மணி நேரமோ ஓரிரு நாளோ இருந்து, முட்டையிட்டு இறக்கிறது. வேறொரு பூச்சியின் புழு, மணலையும் சுள்ளியையும் தன் இழையால் ஒட்டிக் குழல் போன்ற வீடு கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். பார்த்தபின் கல்லைப் பழையபடியே வைத்துவிடுங்கள். அது ஓர் ஊரின் கூரை. இனி, மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும்போது குளக்கரைக்குச் செல்லுங்கள். சிறகொடிந்து நீரில் விழும் ஈசலுக்காக மீன்கள் எவ்வாறு மேலெழுகின்றன என்பதைக் காண்பீர்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தப் பூச்சி, என்ன நிறம், என்ன அளவு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மீன் எதைத் தின்கிறது என்று தெரிந்தபின் அல்லவா அதைப் போன்ற ஒன்றைச் செய்ய முடியும்?

இரண்டாம் பாடம் மீனின் கண்ணுக்கு உரியது. ஒளி நீருக்குள் புகும்போது வளைகிறது என்பதை இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். அதன் விளைவாக, நீருக்குள்ளிருந்து மேல்நோக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்டப் பலகணிக்குள் அடங்கித் தெரிகிறது. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அவ்வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ இரண்டேகால் அடி. இரண்டடி ஆழத்தில் நாலரை அடி. அவ்வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடித்தரையையே காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவன் அந்தப் பலகணியில் தெரிந்துவிடுவான். குனிந்து அமர்ந்தவன் அதன் விளிம்பில் நசுங்கி, ஏறக்குறைய மறைந்துவிடுவான். ஓடும் நீரில் மீன் தலையை நீர் வரும் திசைக்கு நேராக வைத்து நிற்கும். ஆகவே நீரோட்டத்தின் கீழ்ப்புறமிருந்து, அதன் முதுகுப் பக்கமாகச் செல்ல வேண்டும். மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அதிர்வை அறியும். ஆகவே காலை மெல்ல வைத்து நடக்க வேண்டும். நான் முதல் மாதம் முழுவதும் வெள்ளை வேட்டியோடு கரையில் நிமிர்ந்து நின்று, மீன் இல்லை என்று குறைபட்டுக்கொண்டேன். மீன் இருந்தது, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது!

மூன்றாம் பாடம் கருவி. கடையில் விற்கும் கோல் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அடி நீளம். கார்பன் இழையால் ஆனது. ஒவ்வொரு கோலுக்கும் பொருத்தமான கயிற்றின் எடையை ஓர் எண்ணால் குறிப்பார்கள். தொடங்குவோர்க்கு 5 அல்லது 6 என்னும் எண் ஏற்றது. கயிற்றின் நுனியில், கோலளவு நீளமுள்ள, போகப் போக மெலியும் நைலான் இழையைக் கட்டி, அதன் நுனியில் பொய்யீயைக் கட்ட வேண்டும். கயிற்றைச் சுற்றி வைக்கும் உருளை சிறு மீனுக்கு ஒரு சேமிப்புப் பெட்டியே அன்றி வேறன்று. அதற்குப் பெரும்பணம் செலவிட வேண்டா. பணமே இல்லாதவர் என்ன செய்வது? ஜப்பானிய மலையோடைகளில் ‘தென்காரா’ என்றொரு முறை பழங்காலந்தொட்டு வழங்குகிறது. அதில் உருளையே கிடையாது. நீண்ட மூங்கிற்கோலின் நுனியிலேயே இழையைக் கட்டிவிடுவார்கள். நம் ஊரில் மெல்லிய மூங்கிற்கழி கிடைக்கும். மீனவர் தங்கூசி என்று சொல்லும் நைலான் இழையும் கிடைக்கும். சற்றுத் தடித்த இழையைக் கழியின் நீளத்துக்குக் கட்டி, அதன் நுனியில் மெல்லிய இழையை இரண்டு முழம் சேர்த்துவிட்டால், மாணவனுக்குரிய முதற் கருவி ஆயிற்று. எனக்கு மேனாட்டுக் கோல் ஒன்றைப் பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தார். ஆயினும் என் முதல் மூன்று மீன்களும் மூங்கிற்கழியில் வந்தவையே.

நான்காம் பாடம் வீச்சு. இதைக் கற்க நீர் தேவையில்லை. பள்ளி விளையாட்டுத் திடல் போதும். முள்ளுக்குப் பதிலாக ஒரு சிறு கம்பளி நூற்குஞ்சத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கவாட்டில் ஒரு பெரிய கடிகார முகம் இருப்பதாகவும், நீங்கள் பார்க்கும் திசை அதன் ஒன்பது மணிப் பக்கம் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். கோலை மெல்ல உயர்த்தத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, ஒரு மணிக் குறியில் சட்டென்று நிறுத்துங்கள். கயிறு உங்கள் பின்னே பறக்கும். அது முழுவதும் நீளும் வரையில் பொறுங்கள். பிறகு முன்னோக்கி அவ்வாறே வேகத்தைக் கூட்டி, பத்து மணிக் குறியில் நிறுத்துங்கள். கயிறு முன்னே உருண்டு சென்று விழும். மணிக்கட்டைத் தளர விட்டால் கோல் பின்னே சாய்ந்து, கயிறு தரையில் மோதும். பொறுக்காமல் முன்னே இழுத்தால் சாட்டைபோல் ‘சடார்’ என்று ஓசை கேட்கும். அப்பொழுது பொய்யீ அறுந்து போயிருக்கும். முப்பது ஆண்டுகள் மணியடித்தாற்போல் வாழ்ந்த எனக்கு, அந்த அரைநொடிப் பொறுமைதான் மிகக் கடினமாக இருந்தது. திடலில் விளையாடிய சிறுமி ஒருத்தி, “தாத்தா, திரும்பிப் பாருங்க, கயிறு இன்னும் போய்க்கிட்டிருக்கு” என்றாள். அன்றிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தே வீசினேன், வீச்சு திருந்திற்று. நாள்தோறும் கால்மணி நேரம், இருபத்தைந்து அடித் தொலைவு, இரண்டு வாரம். அதுவே போதும்.

ஐந்தாம் பாடம் பொய்யீ கட்டுதல். ஈலியன் சொன்ன முறையையே இன்றும் செய்யலாம். சிறிய தூண்டில் முள் ஒன்றைக் குறட்டில் பிடித்துக்கொண்டு, தையல் நூலை முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றுங்கள். அதன்மேல் கம்பளி நூலைச் சுற்றினால் பூச்சியின் உடல். வீட்டுச் சேவல் உதிர்த்த கழுத்து இறகின் அடியைக் கட்டி, நுனியைப் பிடித்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால், இழைகள் கால்கள்போல் விரியும். அவையே ஈயை நீர்மேல் தாங்குபவை. நூலை முடிச்சிட்டு, முடிச்சின்மேல் நகப்பூச்சு ஒரு துளி வையுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு வைத்தாற்போன்ற பொட்டுகள் உண்டு. அந்த அழகுக்காகவே உலகெங்கும் பொய்யீ கட்டுவோர் அதனை விரும்பினார்கள். அதற்காக அப்பறவை மிகுதியாக வேட்டையாடப்பட்டது. இன்று அது சட்டத்தால் காக்கப்படும் பறவை. அதன் இறகைத் தேடவும் வேண்டா, வாங்கவும் வேண்டா. மீனுக்கு வீட்டுச் சேவலின் இறகே போதும்.

எங்கே மீன் பிடிப்பது என்னும் கேள்விக்கு வருகிறேன். அமிர்தி ஓடையில் நான் ஒருபோதும் தூண்டில் போட்டதில்லை. அது காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி, காப்புக்காட்டில் இசைவின்றி மீன் பிடிப்பது குற்றம். அங்கே நான் பார்வை மாணவன் மட்டுமே. என் பயிற்சியெல்லாம் அடிவாரத்தில் அன்பர் ஒருவருடைய பண்ணைக்குட்டையில் நடந்தது. நீங்களும் குட்டையின் உரிமையாளரிடமோ, ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடமோ, ஊராட்சியிடமோ கேட்டு, இசைவு பெற்ற பின்னரே செல்லுங்கள். தனியே செல்லாதீர்கள். கண்ணாடியும் தொப்பியும் அணியுங்கள். காற்றில் பறக்கும் முள் கண்ணுக்குப் பகை. பின்னால் ஆள் இருக்கிறாரா என்று பார்த்தே வீசுங்கள். மின்கம்பிக்கு அருகில் கோலை உயர்த்தவே கூடாது; கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். மலைமேல் கருமேகம் கண்டால் ஓடையைவிட்டு உடனே வெளியேறுங்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் வந்துவிடும்.

என் முதல் மீன் ஓர் உள்ளங்கை அளவுள்ள ஜிலேபிக் கெண்டை. நாற்பது நாள் முயற்சிக்குப் பின் வந்தது. வட்டம் எழுந்த இடத்துக்கு ஒரு முழம் அப்பால் ஈ இறங்கிற்று, நீர் பிளந்தது, கழி வளைந்தது. கையில் எடுத்தபோது அதன் செவுள்கள் விரிந்து மூடின. ‘விளையாட்டுக்காக ஓர் உயிரை வருத்துவது தகுமா?’ என்று உங்களுள் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். புலால் உண்ணாதவர் இதில் இறங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு பாடங்களோடு நின்றாலே அவர்களுக்கு முழுப்பயன் உண்டு. நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதி இது: உண்பதற்குத் தேவையான ஒன்றிரண்டுக்கு மேல் பிடிப்பதில்லை, அதன்பின் கோலைக் கட்டிவிடுவேன். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவேன். தவறிச் சிக்கிய குஞ்சுகளையும் நாட்டு மீன்களையும், கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுவேன். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்புப் படலம் சிதைந்து, அதற்கு நோய் வரும். ஆயினும் அந்தக் கேள்வி இன்றும் என்னோடு கரையில் உட்கார்ந்துதான் இருக்கிறது. அதை நான் எழுப்பி விரட்டவில்லை.

கடந்த ஆண்டு, அந்தச் சிறுவனைத் தேடிச் சென்றேன். இப்பொழுது அவர் நாற்பதைக் கடந்தவர். மலைமேல் சாமை பயிரிடுகிறார். இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. பழைய வகுப்பை நினைவூட்டி, “அன்று நீ சொன்னதே சரி, தம்பி, நான்தான் தவறு செய்தேன்” என்றேன். “அப்படியா ஐயா? எனக்கு ஞாபகமே இல்லீங்களே” என்றார். உண்மையிலேயே நினைவில்லையோ, முதியவனை வருத்த மனமில்லாமல் அவ்வாறு சொன்னாரோ, அவர் முகத்திலிருந்து நான் அறிய முடியவில்லை. பிறகு தம் ஊர் ஓடைக்கு என்னை அழைத்துச் சென்றார். மாலை நேரம், இருவரும் பாறைமேல் அமர்ந்தோம். நெடுநேரம் ஒரு வட்டமும் எழவில்லை. கல்லைப் புரட்டினேன், அடியில் ஒன்றும் இல்லை. “மூணு வருசத்துக்கு முன்னால யாரோ மருந்து கலந்துட்டாங்க ஐயா. ஒரே நாள்ல எல்லாம் மிதந்துச்சு. என் பிள்ளைங்க இங்க மீன் எகிறிப் பார்த்ததே இல்லை” என்றார்.

நீரில் நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை, 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்தது. ஆயினும் அது நடக்கிறது. தூண்டில்காரன் ஒரு மீனைப் பிடிக்கிறான். நஞ்சு மீனையும், குஞ்சையும், முட்டையையும், கல்லடியில் உள்ள பூச்சியையும் சேர்த்து அழிக்கிறது. கல்லடிப் பூச்சிகள் நீரின் தூய்மைக்குச் சான்று கூறுபவை. மேஃபிளை போன்றவை மாசைத் தாங்கா. அதனால்தான் அறிவியலாளர் ஓர் ஓடையின் உடல்நலத்தை அறிய அவற்றை எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த மாலையில் எங்கள் முன் இருந்த நீர் தெளிவாகத்தான் இருந்தது, பளிங்குபோல் இருந்தது. அதில் உயிர் இல்லை என்பதைக் கல்லைப் புரட்டத் தெரிந்தவனே அறிவான். மேட்டில் உள்ள சிற்றோடை ஒன்று நஞ்சுக்குத் தப்பியிருப்பதாக அவர் சொன்னார். அங்கிருந்து பூச்சிகள் பறந்து வரும், மழைவெள்ளத்தில் மீனும் இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. இப்பொழுது அவருடைய மூத்த மகள் திங்களுக்கு ஒருமுறை அந்த ஓடையில் பத்துக் கற்களைப் புரட்டி, கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். சென்ற மாதம் அவள் எழுதிய வரியைத் தந்தை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார்: ஏழாவது கல்லின் அடியில், மூன்று வால் உள்ள பூச்சி, இரண்டு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் அந்த வேலையையே தருகிறேன். இவ்வாரத்தில் ஒரு மாலை, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உங்கள் ஊர் ஏரிக்கோ ஓடைக்கோ செல்லுங்கள். கரையில் குனிந்து அமர்ந்து, அரைமணி நேரம் நீரைப் பாருங்கள். வட்டம் எழுகிறதா? எழுந்தால் எதற்காக? எழாவிட்டால் ஏன்? கண்டதை எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல ஒரு பிள்ளை எழுந்து நின்றால், உட்காரச் சொல்லிவிடாதீர்கள். எந்த ஓடையில் கண்டாய் என்று கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் மாலை அப்பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.